அப்பா விழுந்து மூன்று வாரம் ஆகிறது. அன்றைய ஸ்கேன் நார்மல். இப்போது நடை தள்ளாடுகிறது

#1 கொள்ளிடக்கரை

அப்பாவுக்கு 74 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத்துடிப்புக் கோளாறுக்காக, ரத்தம் உறையாமலிருக்க, அபிக்சபான் என்னும் மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிட்டு வருகிறார். மூன்று வாரங்களுக்கு முன் கொல்லைப்புறத்தில் துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்து பின்தலையில் அடிபட்டது. நினைவு தப்பவில்லை, வாந்தி இல்லை, தானே எழுந்து வந்து காபி கேட்டார். அண்ணன் விடாப்பிடியாக அன்று மாலையே அழைத்துப்போய்த் தலை ஸ்கேன் எடுக்க வைத்தார். நார்மல் என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நான்கைந்து நாட்களாக ஆள் சரியில்லை. இடது காலிலிருந்து செருப்பு கழன்றாலும் தெரியாமல் நடக்கிறார். சட்டைப் பொத்தானை ஓட்டை மாற்றிப் போடுகிறார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் கண் சொக்குகிறது. காலையில் தலை கனக்கிறது என்கிறார். "வயதாகிவிட்டது, சர்க்கரையால் கால் மரத்திருக்கும்" என்பது அண்ணனின் கட்சி. சர்க்கரை மருத்துவரிடம் அடுத்த செவ்வாய்க்கிழமை நேரம் வாங்கியிருக்கிறோம். அதுவரை பொறுக்கலாமா? அபிக்சபானை நிறுத்தி வைக்கலாமா?

#2 படித்துறை

எங்கள் பெரியப்பாவும் இப்படித்தான் ஒரு கட்டத்தில் தளர்ந்தார். சோடியம் குறைந்திருந்தது, உப்பு ஏற்றியதும் சரியாகிவிட்டார். ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். ஸ்கேன் நார்மல் என்று கையில் இருக்கும்போது தலையைப் பற்றி ஏன் பயப்பட வேண்டும்?

#3 இரவுப்பணி

அரசு மருத்துவமனை ஒன்றின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். நேரில் பார்க்காமல் நோய் சொல்ல முடியாது. ஆனால் இவரைச் செவ்வாய் வரை வீட்டில் வைத்திருக்காதீர்கள். இன்றே, தலை ஸ்கேனும் நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பிரிவும் இருக்கும் இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். எழுப்பினாலும் கண் விழிக்காத அளவுக்குத் தூக்கம் வந்தாலோ, வலிப்பு வந்தாலோ 108ஐ அழையுங்கள்.

படித்துறை சொன்ன சோடியமும் பார்க்கப்படும், சர்க்கரையும் பார்க்கப்படும். ஆனால் ஒரு பக்கக் கால் மட்டும் இழுப்பதற்குச் சோடியக் குறைவு பெரும்பாலும் காரணமாகாது. சர்க்கரையால் வரும் மரமரப்பு இரு கால்களிலும், விரல் நுனியிலிருந்து, ஆண்டுக்கணக்கில் மெல்ல ஏறும். நான்கு நாளில் ஒரு காலில் வந்து, கூடவே பொத்தானையும் குழப்பாது.

நான் சந்தேகிப்பது மூளை உறைக்கு அடியில் மெதுவாகச் சேரும் ரத்தம். வார்டில் 'க்ரானிக் எஸ்.டி.எச்.' (சப்ட்யூரல் ஹெமடோமா) என்பார்கள். வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குகிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து டூரா என்னும் தடித்த உறைக்குச் செல்லும் சிறு ரத்த நாளங்கள் அதனால் இழுபட்டு நிற்கின்றன. லேசான அடியே அவற்றில் ஒன்று கிழியப் போதும். இருபது வயதுக்காரனுக்கு அதே அளவு ரத்தம் கசிந்தால் மண்டைக்குள் இடமில்லாமல் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். முதியவருக்கு உள்ளே இடம் இருப்பதால் எதுவும் தெரியாது, காபி கேட்பார். கசிந்த ரத்தத்தைச் சுற்றி மெல்லிய சவ்வு வளர்கிறது. அந்தச் சவ்வில் உருவாகும் புது நாளங்கள் பலவீனமானவை, அவையும் கசிகின்றன. இப்படி வாரக்கணக்கில் பெருகி ஒருநாள் மூளையை அழுத்தத் தொடங்குகிறது. முதல்நாள் ஸ்கேன் முதல்நாளைப் பற்றி மட்டுமே பேசும்.

மாத்திரையை வீட்டிலேயே 'நிறுத்திவிடுவோம்' என்று முடிவெடுக்க வேண்டாம். அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவமனை போய்ச் சேர்ந்துவிடுவீர்கள் அல்லவா? முடிவை அங்கே எடுப்பார்கள். மாத்திரை அட்டையையும் பழைய ஸ்கேன் படத்தையும் கையோடு கொண்டுபோங்கள். கடைசி மாத்திரை எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதைத் துல்லியமாகச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் 'சர்க்கரைக்காரர், சோர்வாக இருக்கிறார்' என்று ஆரம்பிக்காதீர்கள். 'தலையில் அடிபட்டவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், இடது கால் இழுக்கிறது' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

#4 கொள்ளிடக்கரை

கார் வந்துவிட்டது. கிளம்புகிறோம். நன்றி டாக்டர்.

#5 சில்லறைக்கணக்கு

அவர்கள் போய் வரட்டும், நல்லபடியாக அமையட்டும். ஆனால் பொதுவாக ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் மகன் கபடியில் நெற்றியை இடித்துக்கொண்டு வந்தான். ஒரு தனியார் மருத்துவமனையில் அன்றைக்கு ஒரு ஸ்கேன், மறுநாள் 'எதற்கும் பார்த்துவிடுவோம்' என்று இன்னொன்று, வீட்டுக்கு அனுப்பும்முன் மூன்றாவது. மூன்றும் சுத்தம். பில்லைப் பார்த்து எனக்குத்தான் தலை சுற்றியது. இப்போது இங்கே ஒரு டாக்டர், நார்மலான ஸ்கேனையும் நம்பாதே என்கிறார். பிறகு எதைத்தான் நம்புவது?

#6 இரவுப்பணி

கோபம் எதற்கு? உங்கள் மகன் விஷயத்தில் நீங்கள் கேட்பது நியாயம். நன்றாக இருக்கும் இளைஞனுக்கு முதல் ஸ்கேனே பல சமயம் தேவைப்படாது. கனடாவில் 2001இல் வெளியான ஒரு விதி உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் பயன்படுகிறது. சிறிய தலைக்காயத்தில் யாருக்கு ஸ்கேன் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரித்துக் காட்ட வந்த விதி அது. அதில் 65 வயது ஆனாலே அபாயப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. ஆகவே 'விதிப்படி ஸ்கேன் வேண்டாம்' என்று அவர்களிடம் சொல்ல அந்த விதிக்கு வாயில்லை.

அப்படிப்பட்டவர்களுக்கு அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும் எட்டு மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடு என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு முன்பு சொன்னது. 2023இல் அதைத் தளர்த்தி, எடுப்பது பற்றி யோசி என்று ஆக்கிவிட்டார்கள். முதல் ஸ்கேன் சுத்தமாக இருந்தவருக்குப் பிறகு ரத்தம் கசிவது நூற்றில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவு. அதனால் எல்லோரையும் படுக்கவைத்து 24 மணி நேரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்பதை நானும் ஆதரிக்கவில்லை. நான் அவர்களை விரட்டியதற்குக் காரணம் மாறிப்போன நடை. ஆள் மாறினால் மறுபடி படம் எடு. மாறாவிட்டால் வீட்டில் கவனித்திரு.

#7 செவ்வந்தி

செவிலியராக வெகுகாலம் இருந்து ஓய்வு பெற்றவள். இரவுப்பணி சொன்ன 'ஆள் மாறினால்' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கிளாஸ்கோ கோமா அளவுகோல் என்று 1974இல் வந்த ஒன்றை வைத்து மதிப்பெண் போடுவோம். கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது மூன்றுக்கும் சேர்த்து அதிகபட்சம் 15. உள்ளே கணிசமான ரத்தம் இருந்தும் 15க்கு 15 வாங்கும் முதியவர்களைப் பார்த்திருக்கிறேன். நேர்மாறாக, ஞாபக மறதி நோய் உள்ள பாட்டி தன் ஊரைத் தவறாகச் சொன்னால் ஒரு மதிப்பெண் குறையும். அது அடியால் வந்ததா, போன வருடமே அப்படியா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? உடன் வந்த மருமகளுக்குத்தான் தெரியும். அந்த மருமகளைத்தான் 'கூட்டம் போடாதீர்கள்' என்று முதலில் வெளியே அனுப்புவார்கள்!

இன்னொரு கூட்டம் குடிப்பவர்கள். வாடை வந்தாலே 'போதை தெளியட்டும்' என்று ஓரத்தில் படுக்கவைத்துவிடுகிறார்கள். குடி மூளையைச் சுருக்குகிறது. கல்லீரல் கெட்டால் ரத்தம் உறைவதும் கெடுகிறது. மாத்திரை எதுவும் சாப்பிடாமலேயே அவர் மாத்திரை சாப்பிடுபவரின் நிலையில்தான் இருக்கிறார். விழுவதும் அடிக்கடி. நேரம் போகப்போகத் தெளியாமல் மேலும் மயங்கினால் அதைப் போதையின் கணக்கில் எழுதவே கூடாது.

#8 கொள்ளிடக்கரை

எல்லோருக்கும் ஒரு தகவல். ஸ்கேனில் வலது பக்கம் ரத்தம் சேர்ந்திருக்கிறது. மூளையின் நடுக்கோடு 9 மில்லிமீட்டர் விலகியிருப்பதாகச் சொன்னார்கள். அங்கிருந்து தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள், சேர்த்துவிட்டோம். அபிக்சபானை நிறுத்திவிட்டார்கள். நாளை மண்டையில் துளை போட்டு எடுப்பதாகச் சொல்கிறார்கள். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை, ஓடி ஓடி வேலை பார்க்கிறார்.

இப்போது உறவினர் ஒருவர், ஸ்டீராய்டு மாத்திரையிலேயே இது கரையும், தலையைத் துளைக்க விடாதீர்கள் என்று விடாமல் போன் செய்கிறார். யாராவது விளக்குங்கள். அம்மா குழம்பிப்போயிருக்கிறார்.

#9 கபாலம்

நரம்பியல் அறுவைச் சிகிச்சை என் தொழில். புனைபெயர் மாணவர்கள் வைத்தது.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ஸ்டீராய்டு யோசனை உங்கள் உறவினர் கண்டுபிடித்ததில்லை. சவ்வில் நடக்கும் அழற்சியை ஸ்டீராய்டு அடக்கும் என்று நாங்களே பல காலம் நம்பினோம், கொடுத்தும் வந்தோம். பிரிட்டனில் 748 நோயாளிகளிடம் சோதித்து 2020இல் முடிவு வந்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு மறு அறுவை குறைந்தது உண்மை. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நல்ல நிலையில் இருந்தவர்கள் ஸ்டீராய்டு எடுக்காத குழுவில்தான் அதிகம், நூற்றுக்கு 90 பேர். எடுத்தவர்களில் 84 பேர். உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை வேறு. ஸ்டீராய்டு அதைத் தாறுமாறாக ஏற்றும். இதற்கு முன்பே, 2004இல், உடனடித் தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 10,008 நோயாளிகளோடு பாதியில் நிறுத்தப்பட்டது. மருந்து பெற்றவர்கள் அதிகமாக இறந்தார்கள். தலையில் அடி என்றதும் ஸ்டீராய்டு ஊசி போடும் பழக்கம் அதோடு ஒழிந்திருக்க வேண்டும். சில ஊர்களில் இன்னும் உயிரோடிருக்கிறது.

துளை என்றதும் பயப்படாதீர்கள். நரம்பியல் அறுவையில் பலன் கண்ணுக்குத் தெரியும் அறுவைகளில் இது ஒன்று. ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய ஒன்றிரண்டு துளைகள். பலருக்கு முழு மயக்கம்கூட வேண்டாம், அந்த இடத்தை மரக்கவைத்தே செய்துவிடுவோம். டூராவைத் திறந்ததும் பழைய ரத்தம் எஞ்சின் ஆயில் மாதிரி கறுப்பாக வழிந்து வரும். உப்புநீரால் கழுவிவிட்டு மெல்லிய குழாய் ஒன்றை வைத்து இரண்டு நாள் வடிய விடுவோம். குழாய் வைத்தால் மீண்டும் சேர்வது 24இலிருந்து 9 சதவீதமாகக் குறைகிறது என்று 2009இல் கேம்பிரிட்ஜில் காட்டினார்கள். அன்றுமுதல் குழாய் வைக்காமல் நான் முடிப்பதில்லை.

சவ்வுக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளத்தைக் கால் அல்லது கை வழியாகக் கம்பி நுழைத்து அடைத்துவிடும் முறையும் இப்போது வந்திருக்கிறது. 2024இல் வந்த ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. எல்லா ஊரிலும் வசதி இல்லை, செலவும் உண்டு. ஒன்பது மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் மூளைக்கு முதலில் அழுத்தம் குறைய வேண்டும். துளைதான் வழி.

படம் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புது ரத்தம் ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும், பழையது கறுப்பாக. இடையில், சுமார் ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை, மூளையின் நிறத்திலேயே சாம்பலாக ஒளிந்துகொள்ளும். ஒரு பக்கம் என்றால் நடுக்கோடு நகர்வது காட்டிக்கொடுக்கும். இரண்டு பக்கமும் சமமாகச் சேர்ந்தால் கோடும் நகராது. அவசரத்தில் பார்ப்பவர் 'வயதுக்கு மூளை நன்றாக இருக்கிறதே' என்று வியந்துவிட்டுப் போவார். 75 வயது மூளையில் மடிப்புகள் இளைஞனுடையதுபோல நெருங்கித் தெரிந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

#10 சில்லறைக்கணக்கு

கொள்ளிடக்கரை அம்மா, அப்பா நலமாக வருவார். ஸ்கேன் பற்றிய என் வாதத்தை உங்கள் இழையில் நடத்தியிருக்க வேண்டியதில்லை, டாக்டர் பதில் சொல்லிவிட்டார். ஒரு நடைமுறைத் தகவல்: சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழக அரசு ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. வீட்டில் வழுக்கி விழுந்தவருக்கு அது பொருந்தாது. இதைத் தெரியாமல் பலர் அலைகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதைக் கேளுங்கள். வீட்டில் விழும் முதியவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கென்று ஒன்றும் இல்லை.

#11 உலோகவால்வு

எனக்கு 41 வயது. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் அசிட்ரோம் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று பார்க்க மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். பரிசோதனை. இதைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. எனக்கு இப்படி ரத்தம் கசிந்தால் மாத்திரையை நிறுத்தவும் முடியாது, தொடரவும் முடியாது. என்ன செய்வார்கள்?

#12 இரவுப்பணி

முதலில் ஓர் ஆறுதல், சகோதரி. 41 வயதில் உங்கள் மூளை சுருங்கியிருக்காது. ஆபத்து இருக்கிறது, 74 வயதுக்காரருடையது அளவு இல்லை. ஐ.என்.ஆர். உங்களுக்குக் குறித்த எல்லைக்குள் இருக்கும்வரை இன்னும் குறைவு.

உங்கள் மருந்துக்கு முறிவு உண்டு. வைட்டமின் கே ஊசி மெதுவாக வேலை செய்யும், மணிக்கணக்காகும். உயிருக்கு ஆபத்து என்றால் உறைவுக் காரணிகளைச் செறிவாக்கிய மருந்து சில நிமிடங்களில் ஐ.என்.ஆரைக் கீழே இறக்கிவிடும். அது கிடைக்காத இடத்தில் பிளாஸ்மா ஏற்றுவோம். அது அளவில் அதிகம், பலவீனமான இதயம் திணறும், நேரமும் ஆகும். ரத்தம் உறையாமலிருக்க டாபிகாட்ரான் என்ற புது மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு 2015இலிருந்து தனி முறிவு மருந்து இருக்கிறது. அதனால் 'ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை' என்று மட்டும் சொன்னால் எங்களுக்கு உதவாது. பெயர் வேண்டும். பெயர் தெரியாமல் 'இளஞ்சிவப்பு மாத்திரை' என்பார்கள், அந்த நிறத்தில் நூறு இருக்கின்றன.

ரத்தக்கசிவு நின்றபின் உலோக வால்வு உள்ளவர்களை அதிகநாள் மருந்தில்லாமல் விடமாட்டார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் மீண்டும் ஆரம்பிப்பார்கள், முதலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி மூலம். யாராவது 'புது மாத்திரைக்கு மாறுங்கள், ஐ.என்.ஆர். தொல்லை இல்லை' என்றால் மாறாதீர்கள். உலோக வால்வுக்கு டாபிகாட்ரானைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் வால்வில் ரத்தக்கட்டியும் வந்தது, ரத்தக்கசிவும் கூடியது. 2012 இறுதியிலேயே கைவிட்டுவிட்டார்கள்.

பணப்பையில் ஓர் அட்டை வைத்துக்கொள்ளுங்கள்: உலோக வால்வு, எந்த வால்வு, அசிட்ரோம் எத்தனை மில்லிகிராம், கடைசி ஐ.என்.ஆர்., இதய மருத்துவரின் எண்.

#13 வாரம்மூன்று

வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்பவன். பஸ்ஸில் பிரேக் போட்டபோது கம்பியில் தலை மோதியது, சிறு வீக்கம். மறுநாள் வழக்கம்போல் டயாலிசிஸுக்குப் போய் உட்கார்ந்தேன். பக்கத்துப் படுக்கைக்காரர்தான் "சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டார். இயந்திரத்தில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போடுகிறார்களாம், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் சரியாக வேலை செய்யாதாம். சொன்னதும் டெக்னீஷியன் டாக்டரை அழைத்தார், அன்று ஹெப்பாரின் இல்லாமல் ஓட்டினார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னைப்போன்றவர்கள் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

#14 ஊஞ்சல்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். பத்து மாதக் குழந்தை கட்டிலிலிருந்து நேற்றிரவு விழுந்தது. உடனே அழுதது, பால் குடித்தது, இன்று விளையாடுகிறது. காதுக்கு மேலே ஒரு வீக்கம் மெத்தென்று இருக்கிறது. மாமியார் மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறார். ஸ்கேன் கதிர்வீச்சு குழந்தைக்கு ஆகாது என்கிறார்கள்.

#15 இரவுப்பணி

பற்றைக் கழுவிவிட்டு இன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நெற்றியில் வரும் புடைப்பு அநேகமாக ஒன்றும் செய்யாது. பக்கவாட்டிலோ பின்பக்கமோ வரும் வீக்கம், அதுவும் மெத்தென்று இருந்தால், கீழே எலும்பு விரிசல் இருக்கலாம். அமெரிக்காவில் 42,412 குழந்தைகளைக் கவனித்து 2009இல் வெளியிட்ட விதியில் இந்த வயதுக்கான கேள்விகளில் அதுவும் ஒன்று. மூன்று அடிக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்ததா, சில விநாடியாவது நினைவு தப்பியதா என்பவையும் உண்டு. இன்னொரு கேள்வி எனக்குப் பிடித்தது: குழந்தை வழக்கம்போல் இருக்கிறதா என்று பெற்றவர்களைக் கேட்பது. ஆபத்தில்லாத குழந்தைக்குக் கதிர்வீச்சைத் தவிர்க்கவே அந்த விதி பிறந்தது. பயந்துகொண்டு காட்டாமல் இருப்பதற்கு அது சாக்காகாது. சில மணி நேரம் மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பதே போதும் என்றுகூட முடிவாகலாம்.

#16 மூங்கில்முதுகு

தலையைப் பற்றியே பேசுகிறீர்கள், கழுத்துக்காரன் ஒருவன் வருகிறேன்.

எனக்கு அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கழியாகிவிட்டன, கழுத்து முன்னால் வளைந்து நிற்கிறது. எக்ஸ்ரேயில் மூங்கில் மாதிரி தெரியும், அதனால்தான் இந்தப் பெயர். போன ஆண்டு இரு சக்கர வாகனத்திலிருந்து சரிந்தேன், பெரிய வேகமில்லை. கூடியவர்கள் அன்போடு என்னைத் தரையில் மல்லாக்கப் போட்டு, தலை தரையைத் தொடாததைப் பார்த்து, நெற்றியைப் பிடித்து அமுக்கினார்கள். கத்தினேன். நல்லவேளை, ஆம்புலன்ஸ் ஊழியர் ஒருவர் எல்லோரையும் விலக்கிவிட்டு, "எப்போதும் கழுத்து இப்படித்தானா ஐயா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி என்னைக் காப்பாற்றியது. தலைக்குக் கீழே போர்வையை மடித்து அடைத்து, வளைந்த கழுத்தை வளைந்தபடியே கொண்டுபோனார். மருத்துவமனையில் எக்ஸ்ரே பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். வலி போகவில்லை. ஸ்கேன் எடுத்தபோது கழுத்தின் ஆறாவது எலும்புக்கருகே முறிவு.

எங்களைப் போன்றவர்களுக்கு எலும்பு நீளமாக ஒட்டிவிட்டதால் முறிந்தால் முழுக்கழியும் முறியும், தண்டுவடத்தையும் அறுத்துவிடக்கூடும். சாதாரணக் கழுத்துப் பட்டை போட்டு நேராக்குவதே ஆபத்து. எங்கள் கழுத்துக்கு 'நேர்' என்று ஒன்று இனி இல்லை.

#17 கபாலம்

மூங்கில்முதுகு ஐயா, உங்கள் பதிவை என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். சொன்னது ஒவ்வொன்றும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: இந்த நோயாளிகளுக்கு விழுந்த பிறகு புதிதாக வலி வந்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும், வேறு விதமாக நிரூபிக்கும்வரை முறிவு என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

#18 நடைக்கோல்

பிசியோதெரபிஸ்ட். கழுத்துப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். முகம் குப்புற விழுந்து தாடையில் அடிபட்ட முதியவர்கள், "நடக்க முடிகிறது, கை மட்டும் தூக்க வரவில்லை, விரல் எரிகிறது" என்று என்னிடம் வருவார்கள். தேய்ந்த கழுத்து எலும்புகளுக்கு நடுவே குறுகிப்போன இடத்தில் தண்டுவடத்தின் மையம் நசுங்கினால் காலைவிடக் கை அதிகமாகப் பாதிக்கும். எலும்பு முறிவே இல்லாமல் இது நடக்கும். நடந்து வந்ததாலேயே ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். நான் தொடாமல் எம்.ஆர்.ஐ.க்குத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அப்புறம் கொள்ளிடக்கரையின் அண்ணன் சொன்ன சர்க்கரைக் கால். அவர் சொன்னது இந்த முறை பொருந்தவில்லை. ஆனால் சர்க்கரைக்காரர்களின் நரம்பு அடி தாங்காது என்பது மெய். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், எலும்பின் தலையைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு தோலுக்கடியிலேயே போகிறது. இறுக்கமான மாவுக்கட்டு, நெடுநேரம் கால்மேல் கால், குந்தியிருந்து செய்யும் வயல்வேலை, திடீரென்று உடம்பு இளைத்துப்போவது, இவற்றில் எது வேண்டுமானாலும் அதை நசுக்கும். பாதம் தொங்கிவிடும். பயந்துபோய் மறுநாளே நரம்புப் பரிசோதனைக்கு ஓடுகிறார்கள். முதல் மூன்று வாரத்துக்குள் அந்தப் பரிசோதனை பாதி உண்மைதான் சொல்லும், அறுந்த நரம்பு நுனி முழுதாகச் சிதைவதற்குள் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. நசுங்கியது மட்டும் என்றால் சில வாரத்தில் மீளும். இழை அறுந்திருந்தால் நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். அதுவரை பாதத்தைத் தூக்கிப்பிடிக்கும் தாங்கி போடுங்கள், குதிகால் தசைநாண் சுருங்காமல் பாருங்கள்.

முழங்கையில் அடிபட்டதால் சுண்டுவிரல் மடங்கிவிட்டது என்று ஓர் இளைஞர் வந்தார். முழங்கையின் உட்புறம் நரம்பைத் தொட்டால் கயிறு மாதிரி தடித்திருந்தது, முன்கையில் உணர்ச்சியில்லாத ஒரு வெளிறிய படை. தொழுநோய். அடிபட்டது உண்மை, காரணம் அடியில்லை. இந்தியாவில் இது ஒழிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள், உலகின் புதுத் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இங்கேதான் கண்டறியப்படுகிறார்கள். மருந்து இலவசம். நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் வந்தால் பலருக்கு ஸ்டீராய்டு மீட்டுக்கொடுக்கும், ஆமாம், மேலே தலைக்கு ஆகாது என்ற அதே மருந்து. தாமதமாகிவிட்டால் தசைநாணை மாற்றி வைக்கும் அறுவை உண்டு. 1940களின் இறுதியில் வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொடங்கி வைத்தது.

#19 கொள்ளிடக்கரை

அறுவை முடிந்து ஐந்தாம் நாள். குழாயை எடுத்துவிட்டார்கள். நேற்று வராந்தாவில் நடந்தார், கால் இழுக்கவில்லை. செருப்பு எங்கே என்று சத்தம் போட்டார், சத்தம் போடும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

இப்போது அடுத்த பிரச்சினை. மூளைப் பிரிவில் அபிக்சபானை ஒரு மாதம் தொடாதீர்கள் என்கிறார்கள். வழக்கமாகப் பார்க்கும் இதய மருத்துவர் போனில், அவ்வளவு நாள் விட்டால் பக்கவாதம் வரும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

#20 கபாலம்

இருவரும் தங்கள் உறுப்பைக் காக்கிறார்கள். கணக்காகப் பாருங்கள். உங்கள் அப்பாவின் வயது, அழுத்தம், சர்க்கரை மூன்றையும் சேர்த்தால் மாத்திரை இல்லாமல் பக்கவாதம் வருவதற்கான வாய்ப்பு ஆண்டுக்கு நூற்றில் மூன்று, நான்கு பேருக்கு. ஒரு மாதத்துக்கு அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மீண்டும் ரத்தம் சேர்வதோ குழாய் வைத்தும் பத்தில் ஒருவருக்கு, அதுவும் பெரும்பாலும் முதல் சில வாரங்களில். எனவே சில வாரம் நிறுத்துவதில் நியாயம் இருக்கிறது. நிரந்தரமாக நிறுத்துவதில் இல்லை. எந்த நாள் என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. நான் நான்காவது வார வாக்கில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்வேன். உலோகவால்வு சகோதரிக்கு இதே கணக்கைப் போட்டால் விடை வேறு, அவர் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்திவிடக் கூடாது.

#21 உலோகவால்வு

நிறுத்தவில்லை டாக்டர். அட்டை எழுதி பணப்பையில் வைத்தாயிற்று. கணவர் போனிலும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

#22 கொள்ளிடக்கரை

புரிந்தது. ஆனால் இரண்டு மருத்துவர்களையும் ஒன்றாகப் பேச வைப்பது எப்படி? ஒருவர் அரசு மருத்துவமனை, மற்றவர் தனியார். நான் நடுவில் தபால்காரியாக இருக்கிறேன்.

#23 செவ்வந்தி

வாய்மொழியாகக் கொண்டுபோகாதீர்கள், அம்மா. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் 'அபிக்சபான் எப்போது மீண்டும் தொடங்குவது' என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதாமல் விட்டுவிடுவது சகஜம், அதனால் நீங்களாகக் கேட்க வேண்டும். அதே மருத்துவமனையில் இதயப் பிரிவும் இருந்தால், இங்கிருந்தே கருத்துக் கேட்டு எழுதச் சொல்லுங்கள், உள்நோயாளியாக இருக்கும்போது அது ஒரு நாளில் முடியும். வெளியே வந்தபின் என்றால் இரண்டு வரிசையில் நிற்க வேண்டும். பழைய மாத்திரை அட்டையை வீட்டில் அப்பா கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பழக்கதோஷத்தில் இரவு ஒன்றை விழுங்கிவிடுவார்கள்.

#24 கொள்ளிடக்கரை

அட்டை அண்ணன் பையில் இருக்கிறது. நாளைக் காலை ரவுண்ட்ஸில் அந்த ஒரு வரியைக் கேட்கிறேன்.